சோடாவுக்கு எதற்கு இத்தனை விளம்பரம்?

கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. பிடித்த விளையாட்டு அணியின் சின்னத்தை வரையச் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் சின்னத்தோடு நிற்காமல், சட்டையின் மார்பில் வரும் நிறுவனப் பெயரையும் எழுத்து வடிவம் பிசகாமல் வரைந்துவிட்டான். “இது என்ன கம்பெனி?” என்று கேட்டதற்கு, “சோடா கம்பெனி டீச்சர்” என்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. மது விளம்பரத்துக்குத் தடை என்கிறார்களே, பதினோரு வயதுப் பிள்ளைக்கு இந்த மதுவின் பெயர் எப்படித் தெரிந்தது, அரசு என்னதான் செய்கிறது, நாம் எங்கே போய்ச் சொல்வது என்று கேட்கிறார்.

டீச்சர், உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அந்தச் சிரிப்பிலேயே இருக்கிறது. அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட அதைச் சோடா என்று நம்பவில்லை. சட்டம் மட்டும்தான் நம்புகிறது.

நான் நாகர்கோவிலில் இருபத்துமூன்று ஆண்டுகளாக வழக்கறிஞர்; பெரும்பாலும் நுகர்வோர் வழக்குகள். இந்த விஷயத்தில் இரண்டு மூன்று முறை மனு எழுதி, ஒரு முறை மூக்கறுபட்டும் இருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

புகையிலைக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டம். விளம்பரம், நிகழ்ச்சிகளுக்குப் பண உதவி, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனை, 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பனை எல்லாம் அந்த ஒரே சட்டத்தில் அடங்கிவிடும். மதுவுக்கு அப்படி ஒன்று கிடையாது. காரணம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. போதை தரும் பானங்கள் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில், 8ஆவது இனம். காய்ச்சுவதும் விற்பதும் மாநிலத்தின் அதிகாரம். ஒளிபரப்போ மத்திய அரசின் கையில். அதனால் புட்டியை ஒருவர் பார்த்துக்கொள்கிறார், திரையை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். நடுவில் நிற்கும் பிள்ளையைப் பார்க்க என்று தனியாக யாரும் இல்லை.

தொலைக்காட்சிக்கு உள்ள தடை கேபிள் தொலைக்காட்சி விதிகளில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு விதிகளில் 7ஆவது விதி. மதுவின் உற்பத்தியையோ விற்பனையையோ குடியையோ நேராகவோ மறைமுகமாகவோ ஊக்குவிக்கும் விளம்பரம் கூடாது என்பது 2000ஆம் ஆண்டில் முழுத் தடையாக வந்தது. “மறைமுகமாகவோ” என்ற சொல் அதிலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல் அப்படியே நின்றிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். 2009இல் அதற்கு ஒரு வால் சேர்த்தார்கள். மதுவுக்கு உள்ள பெயரும் சின்னமும் வேறொரு பொருளுக்கும் இருந்தால், அந்த வேறு பொருளை விளம்பரம் செய்யலாம். படத்தில் மது வரக்கூடாது, மதுவைக் குறிக்கும் சாடைப் பேச்சு கூடாது, மது விளம்பரத்துக்கே உரிய நிறமும் சூழலும் கூடாது, தணிக்கை வாரியம் முன்கூட்டியே பார்த்துச் சான்று தர வேண்டும் என்று நிபந்தனைகள். படித்தால் கடுமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் விற்பவனுக்கு நிறமும் வேண்டாம், சூழலும் வேண்டாம். பெயர் ஒன்று போதும். அதற்கு வாசலைத் திறந்துவைத்துவிட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி போட்ட கதை இது.

இப்படித்தான் சோடா வந்தது. குடிநீர் வந்தது, இசைத் தகடு வந்தது, கண்ணாடிக் குவளை வந்தது. பத்திரிகைகள் இதை மறைமுக விளம்பரம் என்கின்றன. எனக்கென்னவோ பினாமி விளம்பரம் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. பத்திரம் மைத்துனன் பெயரில், தோப்பு மட்டும் நம்முடையது. நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்தச் சோடா உண்மையிலேயே விற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்க்கிறார்கள். விளம்பரத் துறையினர் 1985இல் தாங்களே அமைத்துக்கொண்ட தர அமைப்பு ஒன்று இருக்கிறது. துணைப் பொருள் நாடு முழுவதும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு, அல்லது ஒரு மாநிலத்தில் 1 கோடி ரூபாய்க்கு விற்றிருந்தால் அது உண்மையான பொருள் என்பது போன்ற அளவுகோல்களை அது வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான கோடி புரளும் ஒரு மது நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குச் சோடா விற்பது பெரிய காரியமா? அது வியாபாரமே அல்ல, விளம்பரம் செய்வதற்குக் கட்டும் நுழைவுக் கட்டணம்.

அடுத்து 2022. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அந்த ஆண்டு ஜூன் 9 அன்று தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சட்டம் தடுத்த பொருளை வேறு பொருளின் வேடத்தில் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. எந்த ஊடகமானாலும், செல்போன் திரையானாலும், சந்தி முக்கில் நிற்கும் பலகையானாலும் பொருந்தும். பிள்ளைகளுக்கென்றும் ஒரு பகுதி உண்டு. சட்டப்படி உடல்நல எச்சரிக்கை தேவைப்படுகிற, அல்லது பிள்ளைகள் வாங்கக் கூடாத பொருள்களுக்கு விளையாட்டு வீரர்களையும் திரைக் கலைஞர்களையும் பாடகர்களையும் காட்டக் கூடாது என்கிறது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றியவருக்கு ஓராண்டு வரையும், அடுத்த முறை மூன்றாண்டு வரையும் விளம்பரங்களில் வரத் தடை விதிக்கலாம்.

முதல் வாசிப்பில் நானும் கைதட்டினேன். மறுவாசிப்பில்தான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. தடைசெய்த பொருளுக்கும் வழங்கும் பெயரை வேறு பொருளின் விளம்பரத்தில் பயன்படுத்தியதாலேயே, வெறுமனே அதற்காகவே, அது மறைமுக விளம்பரம் ஆகிவிடாது. வேறு வகையில் ஆட்சேபத்துக்குரியதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2009இல் திறந்த அதே வாசல். இந்த முறை கதவுக்குப் புதுப் பெயிண்ட்.

பெயர்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்ற வராந்தாவிலேயே கேட்டிருக்கிறார்கள். இதில் ஆய்வுகள் அநேகமாக ஒரே பக்கம்தான் சாய்கின்றன. பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 13 ஆய்வுகளை 2009இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 38,000க்கும் மேற்பட்ட இளையோர். அவற்றில் 12 ஆய்வுகளில், மது விளம்பரத்தையும் அதைச் சார்ந்த காட்சிகளையும் அதிகம் கண்ட பிள்ளைகள் குடிக்கத் தொடங்குவதும், ஏற்கெனவே தொடங்கியவர்கள் அதிகமாகக் குடிப்பதும் கூடியிருந்தது. விளம்பரம் இன்றைக்கே வாங்கு என்று பிள்ளையிடம் கேட்பதில்லை. பத்து ஆண்டு கழித்து ஒரு கடை முன்னால் முதல் முறையாக நிற்கும்போது, நாலு பெயர்களில் எது தெரிந்த பெயர் என்பதை மட்டும் இப்போதே எழுதிவைத்துக்கொள்கிறது. தெரிந்த பெயர் என்றால் பயம் போய்விடும். பிள்ளை விஷயத்தில் அந்தப் பயம்தான் பாதி வேலி.

ஐபிஎல் ஆட்டத்தை நம் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரு அணியின் பெயரே 2008இல் அதை வாங்கிய மதுபானக் குழுமத்தின் விஸ்கி ஒன்றின் பெயரிலிருந்து வந்ததுதான். 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை ஐபிஎல் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. மைதானத்திலும் ஒளிபரப்பிலும் புகையிலை, மது விளம்பரங்கள் கூடாது, மறைமுக விளம்பரமும் கூடாது என்று. எழுதியது நல்லது. ஆனால் தடை என்பது உண்மையில் இருந்தால் கடிதத்துக்கு என்ன வேலை?

இதைச் சொல்லும்போது பனையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. என் தலைமுறை அக்கானி என்னும் பதநீர் குடித்து வளர்ந்தது. அதே பனையின் கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் தடை. கள்ளுக்கு லேபிள் கிடையாது, சின்னம் கிடையாது. எந்தப் பனையேறியும் எந்தக் கிரிக்கெட் அணியின் சட்டையிலும் தன் பெயரை அச்சடித்ததில்லை. கள்ளைத் திறக்க வேண்டும் என்று வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது வேறு வழக்கு. விளம்பரமே இல்லாத குடியை நிறுத்தத் தெரிந்த கைக்கு, விளம்பரத்திலேயே வாழும் குடியைத் தொட முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி நம் மாநிலத்துக்கே உரிய சிக்கல். மற்ற இடங்களில் அரசு ஒரு பக்கம், வியாபாரி ஒரு பக்கம். இங்கே 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கிடம். நிறுவனம் 1983இலேயே தொடங்கியது. கடைகள் அதன் கைக்கு வந்தது 2003இல். 2023இல் 500 கடைகளை மூடிய பிறகும் ஏறத்தாழ 4,800 கடைகள். 2023-24இல் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். டாஸ்மாக் எந்தத் தொலைக்காட்சியிலும் விளம்பரம் கொடுப்பதில்லை என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். எதற்குக் கொடுக்க வேண்டும்? பகல் 12 மணிக்குக் கதவு திறக்கும் முன்னால் நிற்கும் கூட்டத்தைவிடப் பெரிய விளம்பரம் உண்டா? பள்ளி விட்டு வரும் பிள்ளை தினமும் பார்ப்பது சட்டையில் உள்ள பெயரை அல்ல, இதைத்தான். பிள்ளைகளைப் பொறுத்தவரை கடை இருக்கும் இடமே விளம்பரம். சட்டம் விளம்பரம் என்ற சொல்லுக்குள் கடையைச் சேர்க்காததால், விவாதம் எப்போதும் திரையோடு நின்றுவிடுகிறது.

கடையின் இடத்துக்கும் விதி இருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று திட்டக் குழுமம் வகுத்த இடங்களுக்கு இந்தத் தூரம் பொருந்தாது. 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. குமரி மாவட்டத்தில் இந்த 100 மீட்டரை ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். கோயில், குருசடி, தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று வட்டம் வட்டமாகப் போட்டால் மார்த்தாண்டத்திலிருந்து குளச்சல் வரை வெள்ளை இடம் அதிகம் மிஞ்சாது. ஆனாலும் கடைகள் இருக்கின்றன. அளவு நாடா ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு விதமாக நீளும்.

மார்த்தாண்டம் பக்கத்து ஊரான உண்ணாமலைக்கடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளியும் வழிபாட்டுத் தலமும் உள்ள இடத்தில் இருந்த மதுக்கடையை அகற்றக் கோரி, சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தது அங்கேதான், 2015 ஜூலை 31 அன்று. மார்த்தாண்டம் அன்றைக்கு இருந்த நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாநிலம் முழுவதும் போராட்டம் பரவியது. அடுத்த ஆண்டு 500 கடைகள், அதற்கடுத்த ஆண்டு இன்னும் 500 கடைகள் மூடப்பட்டன. காலை 10 மணிக்குத் திறந்த கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கத் தொடங்கியது. ஒருவர் செத்த பிறகு இரண்டு மணி நேரம் கிடைத்தது என்று கசப்பாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் போராட்டம் கேட்டது மதுவிலக்கு மட்டும் அல்ல, பிள்ளைகளின் கண் முன்னால் வேண்டாம் என்பதும்தான். இந்தப் பாதியை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

அந்தப் பாதியை ஓரளவு பிடித்தது உச்ச நீதிமன்றம். 2016 டிசம்பர் 15 தீர்ப்பு. வழக்கு தமிழ்நாட்டிலிருந்துதான் போனது, பாலு வழக்கு என்பார்கள். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு கட்டளைகள் இருந்தன. மது கிடைக்கும் இடத்தைக் காட்டும் பலகைகளையும் விளம்பரங்களையும் நெடுஞ்சாலைகளிலிருந்து உடனே அகற்ற வேண்டும். கடை நெடுஞ்சாலையிலிருந்து கண்ணில் படக் கூடாது. வாகன விபத்துகளைக் குறைக்க எழுதிய தீர்ப்புதான் அது, பிள்ளைகளுக்காக அல்ல. ஆனால் ஒரு கடை கண்ணில் படுவதே விற்பனைக்கு உதவும் காரியம் என்று இந்திய நீதிமன்றம் ஒன்று இவ்வளவு தெளிவாக எடுத்துக்கொண்டதை வேறெங்கும் நான் படித்ததில்லை. பிறகு நடந்தது பழைய கதை. 2017 மார்ச் 31இல், 20,000க்கு மேல் மக்கள்தொகை இல்லாத ஊர்களுக்கு 500 மீட்டர் 220 ஆனது. அதே ஆண்டு ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்றானது. 2018 பிப்ரவரியில் மற்ற உள்ளாட்சிப் பகுதிகளையும் மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் மிக அதிகம் உள்ள மாவட்டங்களில் நம்முடையது ஒன்று. களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை நெடுஞ்சாலை ஏதாவது ஓர் ஊருக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். விலக்கு நமக்கென்றே தைத்த சட்டை போல அமைந்துவிட்டது.

அரசே விற்பவராக இருப்பதன் விளைவுக்கு 2023ஆம் ஆண்டு ஒன்றே போதும். அந்த ஆண்டு சிறப்பு உரிமம் பெற்றுத் திருமண மண்டபத்திலும் விளையாட்டு அரங்கிலும் மது பரிமாறலாம் என்று விதித் திருத்தம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திருமண மண்டபத்தை மட்டும் நீக்கினார்கள். கல்யாணப் பந்தியில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது திருத்தம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டில், 90 மில்லி லிட்டர் மதுவைக் காகிதப் பொதியில் தரலாமா என்று அமைச்சர் அளவிலேயே பேச்சு அடிபட்டது. பழச்சாறு வரும் அதே பொதி. உறிஞ்சு குழல் மட்டும்தான் பாக்கி. பொதியின் உருவமும் விளம்பரம்தான். கண்ணாடிப் புட்டியை மடியில் மறைக்க வேண்டும், காகிதப் பொதியைப் புத்தகப் பையில் வைத்தால் யாருக்குத் தெரியும்?

என் மூக்கறுபட்ட கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில் திருவிழாவையொட்டிக் கால்பந்துப் போட்டி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆளுயரத் தட்டி: பெரிய எழுத்தில் ஒரு விஸ்கியின் பெயர், கீழே கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய எழுத்தில் “குடிநீர்”. பந்து பொறுக்கிப் போடும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தலையில் அதே பெயர் போட்ட தொப்பி. ஊர்க் கமிட்டியில் பேசினேன். “வக்கீல் அண்ணா, கோப்பைக்கும் பந்துக்கும் யார் பணம் தருவார்கள்? நீங்கள் தருவீர்களா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் கொஞ்சம் கொடுத்தேன், போதவில்லை. தட்டியைப் படம் எடுத்து உரிய அலுவலகம் ஒன்றுக்குப் புகார் அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட விளம்பரம் தற்போது அவ்விடத்தில் காணப்படவில்லை என்பதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. போட்டி முடிந்தே நான்கு மாதம் ஆகிவிட்டது, தட்டி அங்கே எப்படி இருக்கும்? தொப்பிகள் மட்டும் இன்னும் இரண்டு மழைக்காலம் அந்த ஊரில் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தத் தொப்பிக்கு அயர்லாந்தில் சட்டம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு அவர்கள் இயற்றிய சட்டத்தின்படி, பிள்ளைகளுக்கான உடையில் மதுவின் பெயரோ சின்னமோ இருந்தால் அதை விற்பதே குற்றம். பள்ளி, மழலையர் காப்பகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் மது விளம்பரம் கூடாது. பிள்ளைகள் அதிகம் கலந்துகொள்ளும் போட்டிக்கு மது நிறுவனம் பணம் தரக் கூடாது. நம் விதியில் கடைக்கு 100 மீட்டர் உண்டு, விளம்பரப் பலகைக்கு இப்படி ஒரு தூரம் இல்லை என்பதைச் சேர்த்துப் படியுங்கள். பிரான்சில் 1991 முதல் தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் மது விளம்பரம் இல்லை, விளையாட்டுக்கு மதுப் பணமும் இல்லை. பீர் நிறுவனம் ஒன்றின் பெயரில் நடந்த ஐரோப்பிய ரக்பி கோப்பையைப் பிரான்சில் மட்டும் ‘எச் கோப்பை’ என்று முதல் எழுத்தால் அழைத்தார்கள். எழுத்து மட்டும் தப்பித்துக்கொண்டது. பினாமிக்கு அங்கேயும் வழி தெரிந்திருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், புகையிலை மது அதிகாரசபைச் சட்டம் 2006இலேயே இரண்டின் விளம்பரத்தையும் நிகழ்ச்சி உதவியையும் ஒரே சட்டத்தில் அடக்கிவிட்டது. நாம் இன்னும் எந்தப் பட்டியலில் எந்த இனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பேச்சுரிமை, வியாபார உரிமை என்று மது நிறுவனங்கள் நீதிமன்றம் போனால் தடை நிற்குமா என்று கேட்பீர்கள். என் கருத்தில் நிற்கும். மது வியாபாரம் அடிப்படை உரிமை அல்ல என்று 1994இல் கோடே மதுபான நிறுவன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைப் பானங்களைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு. சட்ட பலம் தாராளமாக இருக்கிறது. இல்லாதது மனம்.

செல்போன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேபிள் விதிகள் அங்கே எட்டாது, 2022 நெறிகள் எட்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்க வகை செய்கிறது. நல்ல பிரிவு. ஆனால் நம் வீடுகளில் பிள்ளை பார்ப்பது அப்பாவின் செல்போனில், அப்பாவின் கணக்கில். இயந்திரத்துக்கு அங்கே பிள்ளை தெரிவதில்லை, நாற்பது வயது ஆண்தான் தெரிகிறான்.

நம் எல்லைக்கே உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. கேரளத்துப் பாறசாலையில் மது வாங்க 23 வயது ஆக வேண்டும். களியக்காவிளையில் 21 போதும். நடுவில் இருப்பது சில நிமிட பஸ் பயணம்.

இனி நீங்கள் என்ன செய்யலாம். அந்தப் பையனின் படத்தை வைத்து அல்ல. அவனை விட்டுவிடுங்கள், அவன் கண்ணால் கண்டதை வரைந்தான். உங்கள் பள்ளியைச் சுற்றி, பஸ் நிறுத்தத்தில், மைதானத்தில், உள்ளூர் கேபிள் சேனலில் எங்கேயாவது இப்படிப் பெயர் கண்ணில் பட்டால், அன்றைக்கே தேதி தெரியும்படி படம் எடுங்கள். பள்ளி வாசலிலிருந்து எத்தனை அடி என்று நடந்து அளந்து எழுதுங்கள். எழுத்துகளின் அளவையும் குறியுங்கள்: மதுவின் பெயர் ஓரடி, “சோடா” ஓரங்குலம் என்றால் அதுவே பெரிய சாட்சியம். பிறகு அருகில் உள்ள நாலைந்து கடைகளில் அந்தச் சோடாவைக் கேட்டுப் பாருங்கள். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நான் என் புகாரில் இதைச் செய்யத் தவறினேன். தட்டி போன பிறகும் புகார் உயிரோடு இருந்திருக்கும்.

மனு தில்லிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 17ஆவது பிரிவின்படி, தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். 16ஆவது பிரிவின்படி அவர் விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். இந்த இரண்டு பிரிவுகளையும் எண்ணோடு மனுவில் எழுதுங்கள், ஏனென்றால் அலுவலகத்தில் பலருக்கே இது ஆட்சியரின் வேலை என்று தெரியாது. உள்ளூர் கேபிள் சேனல் என்றால் ஆட்சியரும் கோட்டாட்சியரும் கேபிள் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர்கள். உங்களுக்கு அது பத்மநாபபுரம் கோட்டம். தொலைபேசியில் சொல்வதானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பிள்ளைக்கே மது கொடுத்தாலோ விற்றாலோ அது விளம்பர விஷயம் அல்ல, குற்ற வழக்கு. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆவது பிரிவு: ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையை மது விற்கவோ கொண்டுபோகவோ பயன்படுத்தினால் 78ஆவது பிரிவு, அதே தண்டனை. “ஓடிப் போய் மாமாவிடமிருந்து அந்தப் பையை வாங்கி வா” என்று பிள்ளையை அனுப்பும் பெரியவர்களுக்குப் பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பிரிவை ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அழைக்க வேண்டிய எண் 1098.

ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. உங்களுக்குப் பள்ளி இருக்கும் என்பது தெரியும். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து இரண்டு பேர் மனுவோடு வந்தால் போதும். பதிவு எண் வாங்காமல் மட்டும் திரும்ப வேண்டாம்.